மலை இடுக்கில் ஒரு பாடம்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஆகாய விமானம். அதிலும், பழைய சோவியத் நாட்டு விமானம் ஒன்று. அது பறக்கும் பனிமலைகள். அந்த மலைகளை ஒரு நாளும் கண்ணால் காணாமல், வீட்டு மேசையின் முன் உட்கார்ந்தபடியே அங்கே விமானம் ஓட்டுகிற நம் வீட்டுப் பிள்ளைகள். தோட்டத்தில் வாழும் நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். பேச்சு முடிவதற்குள் அது விளங்கிவிடும். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு தாயார் நம்மைத் தேடி வந்தார். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை அவருக்கு. மகன் நம்மிடம் ஆறாம் ஆண்டு வரை படித்தவன்; இப்போது இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவத்தில் இருக்கிறான்.

"சார், பையன் ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் கம்ப்யூட்டர்ல பிளேன் ஓட்டுறான். ஓட்டி ஓட்டி மலையிலதான் மோதுறான். மோதுனாலும் விட மாட்டேங்குறான். நீங்க வந்து ஒரு வார்த்தை கண்டிச்சுச் சொல்லுங்க" என்றார்.

கண்டிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் நாமும் அன்று மாலை அந்த வீட்டுக்குப் போனோம். பட்டணத்தில் வேலை செய்யும் தாய்மாமன் கொடுத்த பழைய கணினி ஒன்று மேசைமேல் இருந்தது. திரையில் இரண்டு பக்கமும் வானை முட்டும் மலைகள். நடுவே பழுப்பு நிறப் பள்ளத்தாக்கு. அதன் அடியில் நூல் பிடித்தாற்போல் ஓர் ஆறு. அந்த இடுக்கில், இரண்டு அடுக்கு இறக்கையுடன் ஒரு பழைய விமானம் முனகிக்கொண்டே ஏறிக்கொண்டிருந்தது. நாம் பார்த்துக்கொண்டிருந்தபோதே அது பாறையில் மோதியது. பையன் ஒன்றும் பேசாமல் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினான்.

"ஏன் தம்பி, சமவெளியில் ஓட்டக் கூடாதா?" என்று கேட்டோம்.

"சமவெளியில ஓட்டத் தெரியும் சார். இங்கதான் தெரியல" என்றான்.

அந்தப் பதிலைக் கேட்டபின் நமக்குக் கண்டிக்க வாய் வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். அன்று இரவு அவன் ஆறு முறை விழுந்தான். நாமும் ஓட்டிப் பார்த்து எட்டு முறை விழுந்தோம்.

நேயர்களே, கணினியில் விமானம் ஓட்டும் இந்த ஏற்பாட்டை 'சிமுலேட்டர்' என்பார்கள். நாம் அதைப் 'பாவனை விமானம்' என்று சொல்லிக்கொள்வோம். இது நேற்று முளைத்த விளையாட்டு என்று எண்ணிவிட வேண்டாம். இதன் வரலாறு ஏறக்குறைய நூறு ஆண்டுகளைத் தொடுகிறது.

அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்று ஓர் இளைஞர் இருந்தார். அவருடைய தந்தை ஆர்கன் வாத்தியங்களும், தானே வாசிக்கும் பியானோக்களும் செய்யும் தொழிற்சாலை நடத்திவந்தார். லிங்க்குக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை; ஆனால் பயிற்சிக்கு ஆகும் செலவோ அதிகம். ஆர்கன் வாத்தியம் காற்றடிக்கும் துருத்தியால் இயங்குவது. அதே போன்ற துருத்திகளின்மேல் ஒரு சிறிய பெட்டியை அமர்த்தினார் லிங்க். அதற்குக் குட்டி இறக்கைகள் வைத்தார். உள்ளே உட்கார்ந்து கோலை அசைத்தால் பெட்டி விமானம் போலவே சாயும், நிமிரும், திரும்பும். 1929-ஆம் ஆண்டு அது நிறைவு பெற்றது. அதை முதலில் வாங்கியவர்கள் யார் தெரியுமா? பெரும்பாலும் கேளிக்கைப் பூங்கா நடத்துபவர்கள்! ராட்டினத்துக்குப் பக்கத்தில் அதையும் ஒரு விளையாட்டுச் சாமானாக வைத்தார்கள்.

1934-இல் நிலைமை மாறியது. அமெரிக்க இராணுவம் தபால்களை விமானத்தில் கொண்டுசெல்லும் பொறுப்பை ஏற்றது. பனியிலும் புயலிலும், வெளியே ஒன்றும் தெரியாத இருட்டிலும் ஓட்டப் பயிற்சி இல்லாத விமானிகள், சில வாரங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். அதன் பிறகுதான் இராணுவம் லிங்க்கிடம் ஆறு பெட்டிகளை வாங்கியது. இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் இலட்சக்கணக்கான விமானிகள் அந்த நீலப் பெட்டிக்குள் உட்கார்ந்து பயின்றார்கள். பூங்காவில் காசு போட்டு விளையாடிய பொருளே உயிர் காக்கும் ஆசிரியனாக மாறியது.

வீட்டுக் கணினிக்கு இது வந்தது பின்னால். புரூஸ் ஆர்ட்விக் என்பவர் எழுதிய நிரலை அடிப்படையாகக் கொண்டு, 1982-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் பாவனை விமான நிரலை வெளியிட்டது. அன்று திரையில் தெரிந்தவை வெறும் கோடுகள். இன்றோ, செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களும், மலைகளின் உண்மையான உயரக் கணக்குகளும் சேர்ந்து பூமியே அங்கே காட்சியாகிறது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டேவர் என்னும் விண்ணோடம் பதினொரு நாள் பூமியைச் சுற்றி, நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை ராடார் கொண்டு அளந்து வந்தது. அத்தகைய அளவுகள் இருப்பதால்தான், நம் பையன் மோதும் மலை கற்பனை மலையாக இல்லாமல், மெய்யாகவே அந்த இடத்தில் நிற்கிற மலையின் வார்ப்பாக இருக்கிறது.

சரி, அவன் ஓட்டிய விமானம் எது?

அதன் பெயர் அன்டோனோவ் ஆன்-2. ஓலெக் அன்டோனோவ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்தது. சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில், 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது. உலகமே ஜெட் விமானம் பற்றிப் பேசத் தொடங்கிய காலம் அது. அப்போது போய், இரண்டு அடுக்கு இறக்கையும் மூக்கில் ஒரே ஓர் இயந்திரமும் கொண்ட விமானத்தை அவர் செய்தார். பலருக்கு அது பழங்காலத்துக்குத் திரும்பிப் போவதாகத் தோன்றியிருக்கும். ஆனால் அந்த விமானம் நிலைத்தது. சோவியத் நாட்டிலும், போலந்திலும், சீனாவிலுமாக 18,000-க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. ஒன்பது சிலிண்டர்களை வட்டமாக அடுக்கிய 1,000 குதிரைச் சக்தி இயந்திரம், பன்னிரண்டு பேர் உட்காரலாம், சாமானும் ஏற்றலாம். சிமிந்துப் பாதை வேண்டாம், புல்வெளி போதும். பனியில் இறங்கச் சறுக்குக் கட்டைகளும், நீரில் இறங்க மிதவைகளும் மாட்டலாம்.

ரஷ்ய மொழியில் 'குக்குரூசா' என்றால் சோளம். சோளக் கொல்லைகளுக்குமேல் தாழப் பறந்து மருந்து தெளித்ததால் இதற்குச் செல்லமாகக் 'குக்குரூஸ்னிக்' என்று பெயர். இதற்கு முன்பிருந்த இன்னொரு சிறிய இரட்டை இறக்கை விமானத்துக்கு வைத்த பெயர் இதற்கும் ஒட்டிக்கொண்டது. முதுகில் தோம்பு கட்டிக்கொண்டு தோட்டத்தில் மருந்து அடிக்கும் நம் பெண்கள் செய்கிற வேலையைத்தான் இந்த விமானம் அங்கே வானத்தில் இருந்தபடி செய்தது.

பையன் இதை ஓட்டும் விதத்தைப் பார்த்து நாம் வியந்தோம். கருவிகளின்மேல் எழுதியிருப்பது எல்லாம் ரஷ்ய எழுத்து. ஆங்கிலத்துப் 'பி' போல் தோன்றுவதை அங்கே 'ர்' என்று படிக்க வேண்டும். அவன் அந்த எழுத்துகளை எல்லாம் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தான். மேற்கு நாட்டு விமானங்கள் உயரத்தை அடிக்கணக்கில் காட்டும். இது நம் பள்ளிப் பாடத்தைப் போல மீட்டரில் காட்டுகிறது. இயந்திரத்தை முடுக்கும் முறையும் வேறு. முதலில் ஒரு கனத்த சக்கரத்தை மின்சாரத்தால் சுழல விட வேண்டும். அது 'ஊய்' என்று கூவி வேகம் எடுத்த பிறகு, அந்த வேகத்தை இயந்திரத்தோடு இணைக்க வேண்டும். அவசரப்பட்டால் இயந்திரம் எழாது. தரையில் நிறுத்தும்போது, லோரியின் காற்றுப் பிரேக் போல 'புஸ்' என்று சத்தம் கேட்கும். பழைய இயந்திரம் ஒவ்வொன்றையும் வரிசைப்படி கேட்கிறது. வரிசை தவறினால் மன்னிப்பதில்லை.

இனி, அந்த மலைகளுக்கு வருவோம்.

மத்திய ஆசியாவில் தஜிகிஸ்தான் என்னும் நாடு இருக்கிறது. 1991 வரை அது சோவியத் ஒன்றியத்தில் ஒரு பகுதியாக இருந்தது. அதன் கிழக்குப் பாதி முழுவதும் பாமீர் மலைத்தொடர். அதில் மிக உயர்ந்த சிகரம் 7,495 மீட்டர். நம் நாட்டுக் கினபாலு மலை 4,095 மீட்டர். கினபாலு பாமீரின் சிகரத்துக்கு எட்டவே எட்டாது. தலைநகர் டுஷான்பேயிலிருந்து பாமீர் மலைநாட்டின் பெரிய ஊரான கோரோக்குக்குச் சாலை வழியாகப் போனால் 500 கிலோமீட்டருக்கு மேல். மலையும் ஆறுமாக நாள் முழுவதும் ஆகும். ஆகாய வழியில் போனால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கோரோக் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், குன்ட் என்னும் ஆறு பஞ்ச் ஆற்றில் கலக்கும் இடத்தில் உள்ளது. பஞ்ச் ஆற்றின் அக்கரை ஆப்கானிஸ்தான்.

சோவியத் காலத்தில் அந்த வழியில் பறந்த சிறிய விமானங்கள் சிகரங்களுக்கு மேலாகப் பறக்கவில்லை. சிகரங்களுக்கு நடுவே பறந்தன. பயணிகள் சன்னல் வழியாகப் பார்த்தால் மலை கீழே இருக்காது, பக்கத்தில் இருக்கும். வானம் தெளிவாக இருந்தால்தான் விமானம் கிளம்பும். மேகம் இறங்கிவிட்டால் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

நம் பையன் தேர்ந்தெடுத்தது இந்த வழியைத்தான். ஆன்-2 சுமார் 4,500 மீட்டருக்கு மேல் ஏறாது. மலைகளோ 5,000, 6,000 மீட்டர். ஆகவே ஆற்றைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தாக்கு வழியாகத்தான் போயாக வேண்டும். அங்கேதான் அவன் மோதிக்கொண்டே இருந்தான். ஏன் மோதினான் என்பதை நாம் இருவரும் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்கிறோம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கும் புரியும்.

முதல் கணக்கு, ஏற்றம். விமானம் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அப்படியானால் ஒரு கிலோமீட்டர் கடக்க 20 விநாடி. உயரத்தில், பாரத்தோடு, அது விநாடிக்கு 2 மீட்டர் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 விநாடியில் 40 மீட்டர் ஏறும். ஆகவே 10 கிலோமீட்டர் போனால் 400 மீட்டர் ஏறியிருக்கும். ஆனால் பள்ளத்தாக்கின் தரையும் சும்மா இருப்பதில்லை. அதுவும் ஏறிக்கொண்டே போகிறது. கிலோமீட்டருக்கு 100 மீட்டர் ஏறினால், 10 கிலோமீட்டரில் 1,000 மீட்டர். பள்ளத்தாக்கில் நுழையும்போது விமானம் தரைக்கு மேலே 600 மீட்டரில் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 600-உம் 400-உம் 1,000. பத்தாவது கிலோமீட்டரில் தரை விமானத்தைத் தொட்டுவிடுகிறது! இயந்திரத்தில் கோளாறு இல்லை. விமானி தூங்கவும் இல்லை. விமானம் ஏறிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் தரை அதைவிட வேகமாக ஏறியது.

இரண்டாவது கணக்கு, திருப்பம். விமானம் சைக்கிளைப் போல நின்ற இடத்தில் திரும்பாது. சாய்ந்து, பெரிய வட்டமாகத்தான் திரும்பும். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில், 30 பாகை சாய்த்துத் திருப்பினால், முழுதாகத் திரும்பி வர ஏறக்குறைய 900 மீட்டர் அகலம் வேண்டும். வேகம் இரு மடங்கானால் அகலம் நான்கு மடங்காகும். மலை இடுக்குக்கு மெதுவான ஆன்-2 பொருத்தமானது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இங்கே ஒரு சூது இருக்கிறது. உயரே போகப் போகக் காற்று மெலிந்துவிடும். ஏறத்தாழ 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிதான். விமானத்தின் வேகமானி, தன்மேல் மோதும் காற்றைக் கொண்டுதான் வேகத்தைச் சொல்கிறது. காற்று மெலிந்த 4,000 மீட்டரில் அது 180 என்று காட்டும்போது, விமானம் மெய்யாகவே ஏறக்குறைய 220 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அப்போது திரும்புவதற்கு 900 மீட்டர் போதாது. சுமார் 1,300 மீட்டர் வேண்டும். பள்ளத்தாக்கின் அகலம் ஒரு கிலோமீட்டராகக் குறுகிவிட்டிருந்தால்? கீழே திரும்ப முடிந்த அதே விமானம் மேலே திரும்ப முடியாது. வேகமானியில் எண் மாறவில்லை, கதை மாறிவிட்டது.

பையன் ஒவ்வொரு முறையும் என்ன செய்தான்? பள்ளத்தாக்கின் நடுவில் ஓட்டினான். நடுவில் போகிறவனுக்குத் திரும்பப் பாதி அகலம்தான் கிடைக்கும். மலைவழி விமானிகள் பள்ளத்தாக்கின் ஒரு பக்கத்தை ஒட்டிப் போவார்கள். திரும்ப வேண்டுமானால் முழு அகலமும் அவர்களுக்கு உண்டு. அடுத்து, கிளைப் பள்ளத்தாக்கு ஒன்றைப் பெரிய பள்ளத்தாக்கு என்று நம்பி உள்ளே புகுந்தான். சந்தேகம் வந்தபின்னும், 'இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம், அந்த வளைவுக்குப் பின்னால் வழி இருக்கும்' என்று போனான். வளைவுக்குப் பின்னால் பாறைச் சுவர் இருந்தது. அப்போது திரும்பப் பார்த்தான். திரும்ப இடம் இல்லை.

நேயர்களே, அன்று இரவு நமக்கு விளங்கியது இதுதான்: திரும்ப வேண்டிய இடம், 'இனித் திரும்ப வேண்டும்' என்று நமக்குத் தோன்றுகிற இடத்துக்கு வெகு முன்னாலேயே வந்து போய்விடுகிறது. மலையில் ஓட்டுகிறவன் நுழையும்போதே, 'இந்த இடம் வரைக்கும் இத்தனை உயரம் ஏறாவிட்டால் திரும்பிவிடுவேன்' என்று ஓர் அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த இடம் வந்ததும், வழி திறந்திருப்பதுபோல் தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும். தைரியம் என்று நாம் நினைப்பது பல நேரங்களில் அந்த அடையாளத்தைத் தாண்டிப் போவதையே. மலையில் அதற்கு வேறு பெயர்.

பாவனை விமானத்தில் இதை ஆறு முறை, எட்டு முறை விழுந்து கற்கலாம். மெய்யான பாமீரில் ஒரு முறைதான். அந்த ஒரு முறை நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

1993-ஆம் ஆண்டு, ஆகஸ்டு 28. தஜிகிஸ்தானில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். கோரோக் விமானத் தளத்திலிருந்து டுஷான்பேக்குக் கிளம்ப ஒரு விமானம் நின்றது. அது யாக்-40, அதுவும் சோவியத் காலத்தில் செய்ததுதான், மூன்று ஜெட் இயந்திரங்கள் கொண்டது, குறுகிய ஓடுபாதைக்கென்றே வடிவமைத்தது. அதில் பயணிகளுக்கு 28 இருக்கைகள். ஏறியவர்கள் 81 பேர். விமான ஊழியர் 5 பேர். அத்தனை பேரை ஏற்ற முடியாது என்பது விமானிகளுக்குத் தெரியாதா? தெரியும். ஆயுதம் ஏந்தியவர்கள் அவர்களை மிரட்டிக் கிளம்பச் செய்தார்கள். மெலிந்த காற்றில், அந்தப் பாரத்தோடு, விமானம் எழவில்லை. ஓடுபாதை முடிந்தது, விமானம் அதற்கு அப்பால் ஓடி, தடைகளில் மோதி, பஞ்ச் ஆற்றில் விழுந்தது. 82 பேர் மாண்டார்கள். பிழைத்தவர்கள் நால்வர்.

அவர்கள் எல்லாரும் போரிலிருந்து தப்பிக்க நினைத்த மக்களாக இருந்திருப்பார்கள், அவசரம் இருந்திருக்கும், ஊரில் காத்திருந்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் காற்றுக்கு அந்த அவசரம் தெரியாது. அது எவ்வளவு பாரத்தைத் தூக்குமோ அவ்வளவைத்தான் தூக்கும்.

இதை அந்தப் பையனுக்குச் சொன்னபோது அவன் கேட்டான்: "விமானிக்குத் தெரிஞ்சும் ஒண்ணும் செய்ய முடியலையா சார்?"

"துப்பாக்கி முனையில் என்ன செய்வார், தம்பி?" என்றோம் நாம்.

வீடு திரும்பும் வழியில் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. காரணம், நமக்கும் ஒரு கணக்கு பாக்கி இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல ஒரு வேன் பேசினோம். பன்னிரண்டு பேர் உட்காரும் வேன். பிள்ளைகளோ இருபத்து மூன்று பேர். இரண்டு நடை போனால் நேரம் ஆகும், காசும் ஆகும். 'சின்னப் பிள்ளைகள்தானே, நெருக்கி உட்காருங்கள்' என்று வாசலில் நின்று ஏற்றியவர் வேறு யாரும் அல்ல, நாம்தான். மண்பாதையில், மழை பெய்து விட்ட நேரத்தில், அந்த வேன் இறக்கத்தில் இறங்கியது. ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டே போனார்கள், கோப்பையோடு வந்தார்கள். ஒன்றும் நடக்காத காரணத்தால், அடுத்த ஆண்டும் அப்படியே ஏற்றினோம்.

நம்மை நோக்கி யாரும் துப்பாக்கி நீட்டவில்லை. 'முடியாது, இரண்டு நடையாகப் போவோம்' என்று ஒரு வார்த்தை சொல்ல நமக்கு முழு உரிமை இருந்தது. சொல்லவில்லை.

தோட்டத்திலிருந்து பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். சில வேன்களில் எத்தனை தலை தெரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். வேன்காரரைக் குற்றம் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள வேண்டாம். அவரும் நம்மவர், எண்ணெய் விலைக்கும் நாம் கொடுக்கும் காசுக்கும் நடுவே நசுங்குகிறவர். பாரம் கூடக் கூட வண்டி நிற்பதற்கு நீளமான தூரம் வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். பெற்றோர்கள் நாலு பேர் சேர்ந்து அவரிடம் உட்கார்ந்து பேசினால், இன்னும் கொஞ்சம் கொடுத்து இரண்டு நடையாக்க வழி பிறக்கும். அதைச் செய்ய வேண்டிய நாள், விபத்து நடந்த மறுநாள் அன்று. அது திரும்ப இடம் இல்லாத இடம். ஒன்றும் நடக்காத இந்த நாளில்தான் அதைச் செய்ய வேண்டும். நம் பள்ளியில் இப்போது போட்டிக்குப் போவதானால் இரண்டு நடைதான். நேரம் ஆகிறது, ஆகட்டும் என்று விட்டுவிட்டோம்.

இனி, அந்தத் தாயார் கேட்டதற்கு நாம் சொன்ன பதிலையும் சொல்லி முடிக்கிறோம். பிள்ளை கணினியில் விளையாடுவது எல்லாமே படிப்பு என்று நாம் சொல்ல மாட்டோம். பன்னிரண்டு மணி வரை விழித்திருப்பது கூடாது. காலையில் வகுப்பில் தூங்குகிற பிள்ளைக்கு எந்த விமானமும் உதவாது. ஆகவே இரவு ஒன்பதரை மணியோடு நிறுத்த வேண்டும் என்று அவனிடம் வாக்கு வாங்கினோம். இன்னொன்றும் சொன்னோம். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, ஒவ்வொரு பறப்புக்கும் கிளம்பிய உயரம், வேகம், திரும்ப வைத்த அடையாளம், விழுந்தால் விழுந்த காரணம் ஆகியவற்றை எழுத வேண்டும். மெய்யான விமானிகளும் பறப்புக் குறிப்பேடு வைத்திருக்கிறார்கள். எழுதத் தொடங்கிய பிறகு விளையாட்டுக்கும் பயிற்சிக்கும் உள்ள வேறுபாடு அவனுக்கே தெரியவந்தது.

தாயாரிடம் நாம் வேண்டியது ஒன்றுதான். "அம்மா, பையன் விழுந்தான் என்று கோபப்படாதீர்கள். ஏன் விழுந்தாய் என்று கேளுங்கள். அவன் சொல்வது உங்களுக்குப் புரியாமல் போகலாம், சொல்வதற்காக அவன் யோசிப்பான், அது போதும்" என்றோம். பரீட்சைத் தாளில் சிவப்புக் கோடு வாங்கி வரும் பிள்ளையிடமும் இதையே கேட்கலாம். பள்ளிக்கூடம் என்பதும் விழுந்து எழக் கட்டிய இடம்தானே? அங்கே விழப் பயந்த பிள்ளை தெரிந்த பாடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருக்கும்; தெரியாத பாடத்தின் பக்கமே போகாது.

இரண்டு வாரம் கழித்து, கடைத்தெருவில் அந்தத் தாயாரைப் பார்த்தோம். மகன் கோரோக் போய்ச் சேர்ந்தானா என்று விசாரித்தோம்.

"எங்க சார்! நேத்து பாதி வழி போயிட்டு டுஷான்பேக்கே வந்துட்டான். என்னப்பா, போயே சேரலையான்னு கேட்டேன். மேகம் இறங்கிடுச்சும்மா, திரும்பிட்டேன்னான். அதுக்கு அவ்ளோ சந்தோஷம் அவனுக்கு! எனக்கு ஒண்ணும் புரியல" என்று சிரித்தார்.

நமக்குப் புரிந்தது, நேயர்களே. உங்களுக்கும் புரிந்திருக்கும் என்று நம்புகிறோம்.